பெட்டிக்குள்ள இருக்கிற காத்துக்கும் காசு

நான் வீட்டிலிருந்தே சுடுமண் நகைகள் செய்து ஆன்லைனில் விற்கிறேன். 300 ரூபாய் நகைக்கு 100 ரூபாய் கூரியருக்கே போயிட்டா, கையில என்ன நிக்கும்? அதனால இன்னைக்கு பேக்கிங் பத்திப் பேசலாம்.

பல கூரியர்காரங்க எடையை மட்டும் பார்க்கிறதில்லை. பெட்டியோட நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல அளந்து, பெருக்கி, 5000-ஆல வகுப்பாங்க. அப்படி வர்ற கிலோ, நிஜ எடை, இந்த ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் கட்டணம். 30, 25, 20 அளவுள்ள பெட்டியில அரை கிலோ நகை வெச்சாலும் 3 கிலோ கணக்கு. அதையே 20, 15, 10 பெட்டியில அடக்கினா 600 கிராம்தான்.

பொருள் உடையறதுக்கும் பெரும்பாலும் அந்தக் காலி இடம்தான் காரணம். உள்ளே ஆடி, ஒண்ணோட ஒண்ணு மோதும். கம்மலை ஜோடியா சேர்த்துச் சுத்தாதீங்க. தனித்தனியா பபிள் ராப்புல சுத்துங்க. மிச்ச இடத்துல பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கி இறுக்கமா அடைங்க. மூடினதும் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க. சத்தம் கேட்டா, பிரிச்சு இன்னும் கொஞ்சம் அடைக்கணும்.

புதுப் பெட்டி வாங்கணும்னு இல்லை. மளிகைக் கடை அட்டைப்பெட்டியே போதும். நமுத்துப் போகாததா எடுத்து, வெட்டிச் சின்னதாக்கிக்கலாம். பழைய லேபிள், பார்கோடு எல்லாத்தையும் கிழிச்சிடுங்க. கையால எழுதின அட்ரஸ் மேல டேப் ஒட்டினா மழையில அழியாது. உள்ளேயும் ஒரு சீட்டுல அட்ரஸ் எழுதிப் போடுங்க.

உங்க பொருளை எப்படி அனுப்புறதுன்னு சந்தேகம் இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.