விமானிகளின் கேலியும் விளையாட்டும்



கல்விச் சங்கத்தின் மேடையில் கேலியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பள்ளியிலும் விடுதியிலும் நம் பிள்ளைகள் நாள்தோறும் எதிர்கொள்வது அதுவே ஆதலின், அதன் இயல்பை ஆராய்தல் நம் கடமை எனக் கருதுகிறோம். உயிரைப் பணயம் வைத்துப் பறக்கும் போர் விமானிகளின் வாழ்க்கை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் அணிகள் பலவற்றில் ஒரு குறிப்பேடு இருந்தது. எவரேனும் தற்பெருமை பேசினால், அச்சொற்கள் அப்படியே அதில் எழுதப்படும். கேட்டவர்கள் சாட்சிக் கையொப்பம் இடுவர். எந்திரம் காரணமின்றிப் பழுதுபட்டாலோ, 'கிரெம்லின்' என்னும் குட்டிப் பிசாசுகளின் வேலை என்று கூறிச் சிரிப்பர். அப்படையில் விமானியாக இருந்து பின்னர்ப் புகழ்பெற்ற எழுத்தாளரான ரோல்ட் டால், 1943-ஆம் ஆண்டில் அப்பிசாசுகளைப் பற்றியே குழந்தைகளுக்கு ஒரு நூல் வெளியிட்டார்.

இக்கேலியை அரசே பாடமாக்கியதும் உண்டு. 1941-ஆம் ஆண்டில் விமானத் துறை அமைச்சகம் 'டீ எம்' என்ற பயிற்சித் திங்களிதழைத் தொடங்கிற்று. ஆசிரியர் அந்தோணி ஆம்ஸ்ட்ராங். ஓவியர் பில் ஹூப்பர். இவ்விருவரும் படைத்த கற்பனை விமானியே பைலட் ஆபீசர் புரூன். சோதிக்க வேண்டியதைச் சோதியாமலும், படிக்க வேண்டியதைப் படியாமலும் விமானங்களை நொறுக்குவதே அவன் தொழில். பெருந்தவறு செய்த உண்மை விமானிகளுக்கு, 'எடுக்கவியலாத விரல்' என்னும் பட்டத்தை அவ்விதழ் வழங்கியது. அப்படையினரின் வழக்கில் 'விரலை எடு' என்றால், சோம்பலை விட்டு வேலையைக் கவனி என்பது பொருள். அறிவுரை கேட்டுச் சலித்த இளைஞரும் புரூனைக் கண்டு நகைத்தனர். நகைத்தபடியே எச்சரிக்கை கற்றனர். 1946 வரை அவ்விதழ் வெளிவந்தது.

அமெரிக்கப் படைகளிலும் விமானிக்குத் தோழர்களே அழைப்புப் பெயர் சூட்டுவர். அவன் செய்த பிழையொன்றே பெரும்பாலும் அப்பெயராக அமைந்துவிடும். ஒருவனைக் கேலி செய்வது, அவனைத் தம்முள் ஒருவனாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம்.

இனி, ஏற்காதோர் செய்ததைக் காண்போம். பெஞ்சமின் டேவிஸ் என்னும் கறுப்பின இளைஞர் 1932-இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். நான்காண்டுகள் உடன் பயின்றோர் கடமை நிமித்தமன்றி அவரிடம் பேசவில்லை. அறையில் தனிமை, உணவு மேசையில் மௌனம். அவரைக் கேலி செய்யவும் அங்கே ஒரு தோழன் இல்லை! அவரை வெளியேற்றுவதே அவர்கள் நோக்கம். அவரோ 1936-இல் 35-ஆம் இடம் பெற்றுத் தேறினார். விமானப் பிரிவில் சேர விண்ணப்பித்தபோது, கறுப்பினத்தவர்க்கு அங்கே அணி இல்லையென மறுக்கப்பட்டார். 1941-இல் டஸ்கீகியில் கறுப்பின விமானிகளுக்குப் பயிற்சி தொடங்கியபின், 1942 மார்ச்சில் விமானியாகத் தேறிய முதல் ஐவருள் அவரும் ஒருவர். 99-ஆம் அணியையும், பின்னர் 332-ஆம் பிரிவையும் போரில் தலைமையேற்று நடத்தினார். 1954-இல் அமெரிக்க விமானப் படையின் முதல் கறுப்பினத் தளபதியாக உயர்ந்தார்.

இளைஞர்களே! கேலியை அளக்க மூன்று கோல்களை உங்களிடம் தருகிறோம். கேலிக்குள்ளானவன் திருப்பிக் கேலி செய்ய முடிகிறதா? கேலி அவன் செயலைப் பற்றியதா, பிறப்பைப் பற்றியதா? ஆபத்து வந்தால் கேலி செய்தவன் துணைக்கு வருவானா? மூன்றும் நல்விடை பெற்றால் அது நட்பு, நீங்களும் சிரியுங்கள். இல்லையேல் அது இழிவுபடுத்துதல், சிரித்து மழுப்பாதீர்கள். 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் கல்லூரியிலும் விடுதியிலும் பகடிவதையைக் குற்றமாக்கியுள்ளது. துணிந்து முறையிடுங்கள், படிப்பை மட்டும் விட்டு வந்துவிடாதீர்கள். நாளை நீங்கள் மூத்த மாணவர் ஆகும்போது, புதிதாய் வருபவனிடம் முதற்சொல் பேசுபவர் நீங்களாக இருங்கள்.