வெல்டிங் டார்ச்சுக்கு நாமே செய்யும் நீர்க்குளிர்ப்பான்

(ஜீயபுரத்தில் பட்டறைத் தொழிலாளரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



திருச்சிராப்பள்ளிக்கு உலோகப் பற்றவைப்புத் தொழில் புதியதன்று. 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையும், 1975-இல் அங்கு நிறுவப்பெற்ற பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் இந்நகருக்குப் பெருமை தேடித் தந்தன. அத்திறன், நெல்லும் வாழையும் விளையும் நம் காவிரிக் கரைப் பட்டறைகளிலும் வேரூன்ற வேண்டும் என்பதே நம் அவா.

அலுமினியத்தைச் சீராக ஒட்டுவதற்கு ஆர்கான் வெல்டிங் பெரிதும் உதவுகிறது. ஆனால், காற்றால் குளிரும் சாதாரண டார்ச் சுமார் 150 ஆம்பியர் அளவுக்கே ஏற்றது. கனத்த தகட்டுக்கு 200 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அப்போது பிடி சுடும், கை தாங்காது. வேலை நகருக்குச் சென்றுவிடுகிறது; கூலியும் உடன் சென்றுவிடுகிறது. நீரால் குளிரும் டார்ச்சும் அதற்கொரு குளிர்ப்பானும் இருப்பின் அவ்வேலை இங்கேயே தங்கும்.

குளிர்ப்பானை நாமே அமைக்கலாம். மூடியுள்ள 20 லிட்டர் தொட்டி ஒன்று. பயிருக்கு மருந்து தெளிக்கும் பேட்டரிக் கருவிக்குரிய புதிய 12 வோல்ட் பம்பு ஒன்று. செம்பு அல்லது பித்தளையாலான சிறு ரேடியேட்டர் ஒன்று. அதன்மீது வீசும் 12 வோல்ட் விசிறி ஒன்று. தொட்டி நீரைப் பம்பு டார்ச்சுக்கு அனுப்பும். அங்கே சூடேறிய நீர் ரேடியேட்டரில் ஆறி மீண்டும் தொட்டியில் விழும். நிமிடத்திற்கு 1 லிட்டர் நீர் 10 பாகை சூடேறித் திரும்பினால், அது ஏறத்தாழ 700 வாட் வெப்பத்தைச் சுமந்து வருகிறது என்பது கணக்கு.

பம்பின் வாயிலில் வால்வுடன் கூடிய கிளைக்குழாய் வைத்து, மிகுதி நீரைத் தொட்டிக்கே திருப்புதல் வேண்டும். டார்ச் செய்தவர் குறித்துள்ள அழுத்தத்தை மீறினால் குழாய் வெடிக்கும். ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றலாகாது. அதன் உப்பு நுண்ணிய வழிகளை அடைத்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே தக்கது.

இனிக் கூறுவதே தலையாயது. இத்தகைய டார்ச்சுகளில் பெரும்பாலும் மின்கம்பி, நீர் திரும்பும் குழாயினுள்ளேயே செல்கிறது. நீர் சூழ்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அக்கம்பியை மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள். நீர் நின்றால் கம்பி காய்ந்து குழாய் விரைவில் உருகும். கசியும் நீரும் மின்சாரமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, நீர் தொட்டியில் விழுவது கண்ணுக்குத் தெரியும்படி அமையுங்கள். ஒரு லிட்டர் பாத்திரம் ஒரு நிமிடத்தில் நிறைகிறதா என்று நாள்தோறும் பாருங்கள். நீரோட்டம் தடைப்பட்டவுடன் டார்ச்சின் பொத்தானைச் செயலறச் செய்யும் சுவிட்சு ஒன்றையும் பொருத்துதல் நலம்.

செலவைச் சுருக்குவது சிக்கனம். பாதுகாப்பைச் சுருக்குவது சிக்கனமாகாது. நீர் ஓடுவதைக் கண்ட பின்னரே சுடரை ஏற்றுவோம். நம் ஊர் வேலையை நம் ஊரிலேயே செய்து, தொழிலும் வாழ்வும் வளம்பெறச் செய்வோமாக!