வழக்குப் போடுவதற்கு முன்

கண்டியில் விவாகரத்துக்கு எந்த வாசலைத் தட்டுவது என்பதை விவாகப் பதிவு அத்தாட்சிப் பத்திரமே சொல்லிவிடும். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த தம்பதி, இருவரும் சம்மதித்தால், நீதிமன்றப் படி ஏறாமல் மாவட்டப் பதிவாளரிடமே பிரிந்துகொள்ளலாம். முஸ்லிம் தம்பதிகளுக்குக் காதி நீதிமன்றம். மலையகத் தமிழர் உட்பட, பொதுச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த அனைவருக்கும் மாவட்ட நீதிமன்றம். தோட்டங்களில் கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவே செய்யாத தம்பதிகள் பலர். முறைப்படி சடங்கு நடந்திருந்தால் அதுவும் விவாகம்தான். அதை நிரூபிக்கச் சாட்சிகளும் பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் உதவும்.

1907ஆம் ஆண்டின் பொது விவாகச் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்றே: பிறரோடு தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், விவாகத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு. ‘ஒத்துவரவில்லை’ என்பது அவற்றில் இல்லை. ஒருவர் மீது தவறு நிரூபணமாக வேண்டும். அடி உதையால் வீட்டில் இருக்கவிடாமல் விரட்டுவதையும் கைவிடுதலாகவே நீதிமன்றங்கள் கருதுகின்றன. ஆனால், அடிபட்டு இரவோடிரவாகக் கட்டுகஸ்தோட்டையிலுள்ள தாய்வீட்டுக்குப் போன பெண்ணிடம் அதற்கு ஆதாரம் இல்லையென்றால், கைவிட்டுப் போனவள் அவளே என்று எதிர்த்தரப்பு சொல்லும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் ஆஸ்பத்திரித் துண்டும் அதனால்தான் பொன்னாகின்றன. உயிருக்கு ஆபத்து என்றால் ஆதாரம் தேடிக் காத்திருக்கக் கூடாது. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதிவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

சொத்து விடயத்தில் பலரும் ஏமாறுவது, எல்லாம் பாதிக்குப் பாதி என்ற நம்பிக்கையில். பொதுச் சட்டத்தில் அப்படித் தானாகப் பங்கு பிரிவதில்லை. உறுதியில் யார் பெயரோ, காணி அவருடையது. மனைவியின் நகையை விற்ற காசில் கணவன் பெயரிலுள்ள காணியில் வீடு எழும்பியிருந்தால், நகை விற்ற பற்றுச்சீட்டும் வங்கிக் கணக்குக் கூற்றும் இல்லாமல் அந்தக் காசைப் பற்றிப் பேசுவது கடினம். பிஸ்கட் தகரத்தில் மடித்துக் கிடக்கும் அடகுச் சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்: நகை அவளுடையதாக இருந்தாலும் சீட்டு அவன் பெயரில் இருக்கலாம். உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். லயன் வீட்டில் பங்கு கேட்க ஒன்றுமில்லை. அங்கே பெரும்பாலும் ஊழியர் சேமலாப நிதியே சேமிப்பு. விவாகரத்து வழங்கும்போது ஒரு தொகை கொடுக்கவோ, மாதாமாதம் செலுத்தவோ, சொத்தை எழுதிவைக்கவோ மாவட்ட நீதிமன்றம் கட்டளையிட முடியும். அதைக் கேட்க மற்றவரின் சம்பளமும் கடனும் தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்து கையெழுத்திட்ட வங்கிக் கடனும் பிணையும் விவாகரத்தோடு தீர்ந்துவிடுவதில்லை.

பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதிவான் நீதிமன்றத்தில் உடனே விண்ணப்பிக்கலாம். அதே சட்டம், இருவரும் சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் வாழ்க்கைத் துணைக்குத் தாபரிப்பு இல்லை என்கிறது. ‘நாங்கள் விரும்பியே பிரிகிறோம்’ என்று அவசரத்தில் எழுதும் ஒரு வரி, பிறகு மாதாந்தப் பணத்தையே பறித்துவிடலாம். சட்டத்தரணி வாசித்துப் பார்க்காத எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கக் கூடாது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மாவட்ட நீதிமன்றம் முதலில் தருவது இடைக்காலத் தீர்ப்பே. குறைந்தது மூன்று மாதம் கழிந்தே அது முடிவாகும். அதற்குள் மறுமணம் செய்வது குற்றம். காப்புறுதியிலும் சேமலாப நிதியிலும் பின்னுரித்தாளராக யார் பெயர் இருக்கிறது என்பதையும் அந்த மாதங்களிலேயே பார்த்துவைக்கலாம்.