அளவுகோலுக்கும் ஓர் அளவுகோல்



பெங்களூரை அடுத்த வைட்ஃபீல்ட் என்றதும் கணினி அலுவலகங்களின் கண்ணாடி மாளிகைகளே பலர் நினைவுக்கு வரும். 1882-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் வழங்கிய நிலத்தில் ஆங்கிலோ-இந்தியர் குடியிருப்பாகத் தோன்றிய அவ்வூரின் சுற்றுப்புறத்தில் இன்று உலோக உறுப்புகள் செய்யும் பட்டறைகளும் உண்டு. அத்தகைய பட்டறையொன்றில் மில்லிங் இயந்திரம் ஓட்டும் தருமபுரி இளைஞர் ஒருவர் எனக்கு அண்டை வீட்டார்.

ஒரு நாள் அவர் வாடிய முகத்துடன் வந்தார். 400 மில்லிமீட்டர் நீளத்தில் அவர் செய்து கொடுத்த ஆறு உறுப்புகள் திரும்பி வந்துவிட்டன, ஒவ்வொன்றிலும் 0.04 மில்லிமீட்டர் குறைவு. கைப்பிழை என்று கூறி, கூலியில் பிடித்தம் செய்யப் போகிறார்களாம். “எண் சரியாகத்தான் காட்டியது, சார்” என்றார் அவர்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? இயந்திரத்தின் பக்கத்தில் கண்ணாடிப் பட்டையொன்று பொருத்தப்பட்டிருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டருக்கு ஐம்பது என்ற கணக்கில் நுண்கோடுகள் உண்டு. மேசை நகரும்போது ஓர் உணரி அக்கோடுகளை ஒளியால் எண்ணுகிறது. மின்னணுச் சுற்று ஒவ்வோர் இடைவெளியையும் மேலும் பகுத்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை எண்ணாகக் காட்டுகிறது. தொழிலாளர் இதனை டி.ஆர்.ஓ. என்பர். ஆனால் நுட்பமாகக் காட்டுவது வேறு. உண்மையாகக் காட்டுவது வேறு.

நம் இளைஞர் அறிவாளி. நீளம் உறுதிசெய்யப்பட்ட 100 மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜ் ஒன்றை மேசையில் வைத்து அளந்தார். திரை 100.010 என்றது! தொடக்கப் புள்ளியில் பிழையில்லை. தூரம் கூடக் கூடப் பிழையும் கூடியது. பழுது பார்த்தபோது பட்டையை மாற்றியவர்கள், பழைய பட்டைக்குரிய திருத்த எண்ணை அப்படியே விட்டுவிட்டனர். பூச்சியத்தை மட்டும் சரிபார்ப்பவர் கண்ணுக்கு இப்பிழை படுவதில்லை.

முறையான அளவுத்திருத்தம் இப்படி நடைபெறும். மேசையைச் சமமான இடைவெளிகளில் நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் திரையின் எண்ணை லேசர் ஒளியால் அளந்த தூரத்துடன் ஒப்பிடுவர். போகும்போதும் திரும்பும்போதும், பலமுறை ஒப்பிடவேண்டும். வேறுபாடு ஒரே சீராக இருந்தால் திருத்த அட்டவணையால் தீரும். போகையில் ஒன்றும் வருகையில் வேறொன்றுமாக இருந்தால், பொருத்திய இடம் தளர்ந்திருக்கக்கூடும். முதலில் திருகை முடுக்கவேண்டும். திருத்தியபின் மறுபடி அளந்து பார்ப்பதும் கட்டாயம்.

வெப்பத்தையும் மறத்தலாகாது. நீள அளவுக்கு உலகம் ஏற்றுள்ள வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 0.0115 மில்லிமீட்டர் நீளும். அலுமினியமோ அதைப்போல் இருமடங்கு.

அப்படியானால் லேசருக்குச் சான்று அளிப்பவர் யார்? அதற்கும் மேலான ஒரு சாதனம். இவ்வாறு படிப்படியாக ஏறினால், நம் நாட்டில் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தை அடைவோம். அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த தமிழரான கே. எஸ். கிருஷ்ணன் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. அதற்கும் மேலே இருப்பது ஒளி. வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458 மீட்டர் செல்லும் என்பதே, 1983 முதல் மீட்டருக்கு அடிப்படை.

பெங்களூருக்கு இப்பாடம் புதிதன்று. 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து நிலஅளவையைத் தொடங்கிய லாம்டன், 1804-இல் பெங்களூரருகே அளக்கப்பட்ட மற்றொரு கோட்டைக்கொண்டு தம் கணக்கைச் சோதித்தார். நிலத்தில் இழுபடும் நூறு அடிச் சங்கிலியை ஒப்பிடுவதற்கென்றே வேறொரு சங்கிலியையும் வைத்திருந்தார். தம் கருவியையே ஐயுறும் அடக்கம் அவரிடம் இருந்தது.

இளைஞரின் கூலி பிடிக்கப்படவில்லை. பட்டை முறையாகத் திருத்தப்பட்டது. வெளியூர்ப் பட்டறைகளில் உழைக்கும் நம்மவர்க்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் இயந்திரத்தின் அளவுகோல் கடைசியாக என்று சோதிக்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உழைப்பவன் கையைக் குறை கூறுமுன், அவனுக்குக் கொடுத்த கோலை அளந்து பார்ப்பதே நீதி.