துருவம் நடந்த வழி



காந்த ஊசி வடக்கே காட்டும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அது என்றைக்கும் அப்படியேதான் காட்டி வந்ததா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. 8 லட்சம் வருஷங்களுக்கு முன் ஒருவன் ஊசியை வைத்துப் பார்த்திருப்பானேயானால் அது தெற்கே காட்டியிருக்கும்.

"நீ கண்டாயா?" என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நாம் காணவில்லை. ஆனால் கல் கண்டிருக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறும்போது, அதிலுள்ள இரும்புச் சத்தான துகள்கள் அன்றைய காந்தத் திசையைப் பிடித்துக் கொண்டு விடுகின்றன. நம்மூர்ச் சூளையில் வெந்த செங்கல்லும் இப்படியே. 1906ல் பிரான்சு தேசத்துப் பெர்னார் புரூன் என்பவர், தலைகீழாய்த் திசை காட்டிய எரிமலைக் கல்லையும் அதன் சூட்டில் வெந்த களிமண்ணையும் சேர்த்துச் சோதித்தார். இரண்டும் ஒரே சாட்சியம் சொல்லின. 1929ல் ஜப்பானில் மாதுயாமா அவர்களும் இதையே கண்டார்.

சரி, வடக்கு தெற்கானபோது துருவம் எவ்வழியே போயிற்று? அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் ஸ்டீன்ஸ் மலை இருக்கிறது. 1 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன்னே, துருவம் மாறிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, அங்கே குழம்பு அடுக்கடுக்காய் வழிந்து உறைந்தது. அடுக்கு ஒவ்வொன்றிலும் துளையிட்டுக் கல்லெடுத்தார்கள். காந்தத்தின் சாய்வைக் கொண்டு துருவம் எவ்வளவு தூரமென்றும், திசையைக் கொண்டு எந்தப் பக்கமென்றும் கணக்கிட்டுப் பூகோளப் படத்தில் புள்ளி வைத்தார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் துருவம் நேரே போகவில்லை. போய், இடையில் பின்வாங்கி, மறுபடியும் போயிருக்கிறது. ஆனால் இது பூமியில் இரண்டே துருவங்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. மாறும் காலத்தில் காந்தசக்தி மிகக் குறைந்து தாறுமாறாகிறபடியால், வேறோர் ஊர்க் கல் வேறு வழி காட்டக் கூடும்.

2012ல் உலகம் அழியுமென்று பயமுறுத்தினவர்கள் துருவ மாற்றத்தையும் கூடச் சேர்த்துக் கொண்டார்கள். துருவம் மாறச் சாதாரணமாய்ச் சில ஆயிரம் வருஷங்கள் பிடிக்கின்றன. கடைசி மாற்றத்தின்போது மனிதனின் மூதாதைகள் உயிரோடுதான் இருந்தார்கள்.

ஆனால் விஞ்ஞானிகளும் ஒரு தடவை தடுமாறினார்கள். ஸ்டீன்ஸ் மலையின் ஒரு பாறை அடுக்கில் ஓரத்தில் ஒரு திசையும் உள்ளே வேறு திசையும் இருக்கக் கண்டு, காந்தத் திசை ஒரே நாளில் 6 டிகிரி வரை திரும்பிற்று என்று ராபர்ட் கோ, பிரெவோ முதலானவர்கள் 1995ல் எழுதினார்கள். உலகமே வியந்தது. பிறகு அந்தக் கோ அவர்களே தம் கற்களைத் திரும்பச் சூடேற்றிச் சோதித்து, மேலே வந்து படிந்த குழம்பின் சூட்டால் கீழ்க் கல்லின் பழைய குறி கலைந்திருக்கிறது, நாம் சொன்னது தப்பு என்று 2014ல் அச்சிட்டார். அந்த 6 டிகிரி போய்விட்டது. அடுக்கடுக்காய்க் கண்ட துருவப் பாதை நிற்கிறது.