ஒரு கைப்பிடி குறைப்போம்

(நம் அறக்கட்டளையின் மருத்துவ முகாமில் செயலாளர் ஆற்றிய உரை)





அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்கு உதவி கேட்போர், கால் புண் ஆறாமல் விரலை இழந்தோர் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், இயன்றதைச் செய்கிறோம். ஆனால் அந்த நிலை வருமுன் தடுத்துக்கொள்வதல்லவா மேல்?

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என நபி (ஸல்) அவர்கள் காட்டிய அளவு நாம் அறிந்ததே.

பட்டினி கிடந்து அவசரமாகக் குறைத்த எடை, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் ஏறிவிடும். மாதம் ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் போதும். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் நல்ல மாற்றம் தெரியும்.

தினம் நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 30 கிராமைத் தாண்டிவிடும். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும்.

பிரியாணியை விடச் சொல்லவில்லை. இரண்டாவது முறை சோறு வைப்பதை நிறுத்துவோம்; வெள்ளரியும் வெங்காயப் பச்சடியும் கூடட்டும். வாரம் மூன்று நாள் பரோட்டா ஒரு நாளாகட்டும். விருந்தாளி போதும் என்ற பிறகும் அள்ளி வைப்பது உபசாரமல்ல. வீணாகக் கூடாதே என்று பிள்ளைகள் வைத்த மீதத்தைத் தாய்மார்களே சாப்பிடுகிறார்கள். முதலிலேயே குறைவாக வைத்தால் விரயமும் இல்லை, எடையும் ஏறாது. இரவுச் சாப்பாட்டை இஷாவுக்கு முன்பே முடித்து, பள்ளிவாசலுக்கு நடந்தே போய் வருவோம்.

ரமலானில் பகலெல்லாம் நோன்பிருந்தும் எடை கூடுகிறதே என்கிறார்கள் சிலர். நோன்புக் கஞ்சியோடு வடை, சமோசா, பஜ்ஜி, சர்பத் என்று சேர்ந்தால் வேறென்ன ஆகும்? வரும் ரமலானில் நம் இஃப்தார் ஏற்பாட்டில் எண்ணெய்ப் பலகாரம் ஒன்றோடு நிற்கும். மீதிக்குப் பழம் வைப்போம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பும் நோன்பு வைக்கும் முன்பும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

நம் அலுவலகத்தில் எடைக்கருவி வைத்திருக்கிறோம். பெண்களுக்குத் தனி நேரம் உண்டு. மாதம் ஒருமுறை வந்து பார்த்துச் செல்லுங்கள்; கட்டணம் இல்லை.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தான நீண்ட ஆயுளைத் தருவானாக. ஆமீன்.