இராகு காலமும் மிதிபலகையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பூனை குறுக்கே போனால் வீடு திரும்பித் தண்ணீர் அருந்திவிட்டுப் புறப்படுகின்ற நாம், தேய்ந்த டயரோடு வருகின்ற பஸ்ஸில் ஒரு கணமும் யோசியாது ஏறிவிடுகின்றோம். இதைப் பற்றியே சில வார்த்தைகள் பேச விரும்புகின்றேன். சமயத்தைக் குறைகூற வந்தவன் அல்லன். நானும் திருநீறு அணிந்தே வீட்டைவிட்டுப் புறப்படுகின்றவன்.

நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் போன நாள் ஒரு திங்கட்கிழமை. திங்களன்று இராகு காலம் காலை 7.30 முதல் 9 மணி வரை; அதாவது உலகமே வேலைக்கும் பாடசாலைக்கும் போகின்ற நேரம்! தந்தையார் காலமான பின், நாங்கள் நல்ல காரியத்துக்குப் புறப்படும் போதெல்லாம் அம்மா கதவுக்குப் பின்னே நின்றுவிடுவார். கைம்பெண் எதிர்ப்பட்டால் காரியம் கெடுமாம். கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவரின் முகம் அபசகுனமாம்! இது என்ன நியாயம், ஐயா? அடுத்த காம்பரா அக்கா நிறைகுடத்தோடு எதிரே வந்தார். சகுனம் முற்றும் சரி.

வந்த பஸ்ஸிலோ கால்வைக்க இடமில்லை. அடுத்த வண்டிக்கு நின்றால் 7.30 தாண்டிவிடும். மிதிபலகையில் ஒற்றைக் காலை வைத்துத் தொங்கினேன். நல்ல மழை. ஒரு வளைவில் கால் நழுவியது. உள்ளே நின்ற சிங்களப் பெரியவர் ஒருவர் என் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்திராவிட்டால், இன்று இம்மேடையில் வேறொருவர் பேசிக்கொண்டிருப்பார். “தொங்காதே, அடுத்த பஸ்ஸில் போ” என்று சொல்லக்கூடியவர் எனக்கு ஒருவரே இருந்தார். அவர் கதவுக்குப் பின்னே நின்றார்.

2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை. கதிர்காமத்திலிருந்து குருணாகலுக்குச் சென்ற பஸ், கொத்மலை கெரண்டிஎல்லப் பகுதியில் விடியுமுன் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஞாயிறன்று இராகு காலம் மாலை 4.30க்குத்தான் பிறக்கும். புறப்பட்ட இடமோ முருகன் தலம். மாண்டவர்கள் எந்தச் சகுனத்தில் பிழைவிட்டார்கள்? அந்த வண்டியில் 70க்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்பதையன்றோ நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்! 2005 ஏப்ரலில் பொல்கஹவலைக்கு அருகே, ரயில் வரும் வேளையில் கடவையைக் கடக்க முந்திய பஸ் மோதுண்டது. அதையும் விதி என்றோம்.

வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். சாரதியின் முன்னே தொங்கும் எலுமிச்சம்பழம் இந்தக் கணக்கை மாற்றாது. ஆனால் விதியென்று வாய்மூடியிருக்கும் ஐம்பது பேரில் பத்துப் பேர் வாய் திறந்தால் மாறும். “ஹெமின் யன்ன” என்று சொல்லத் தெரியாதவர் நம்மில் யார்?

சென்ற முறை என் மகள் பரீட்சைக்குப் புறப்பட்டாள். அன்றும் திங்கட்கிழமைதான். அம்மா வழக்கம்போல் உள்ளே ஒதுங்கப் பார்த்தார். கையைப் பிடித்து இஸ்தோப்புக்கு அழைத்து வந்தேன். முதலில் தயங்கினார், பிறகு பெல்மதுளைச் சந்திவரை பேத்தியோடு தாமே நடந்தார். நிரம்பி வழிந்த இரண்டு பஸ்களைப் போகவிட்டார். மூன்றாவதை எட்டிப்பார்த்து, இடமிருக்கிறதென்று கண்டபின் அவளை ஏற்றிவிட்டார். அப்போது மணி 7.40.